மஞ்சள் காலா, பச்சைக் காலா

புருஷன் கார்த்திகேசு வாட்சாப் குழுவை விட்டு வெளியேறிவிட்டார் என்ற சேதி லோகேஸ்வரிக்கு ரவாங்கிலிருந்துதான் வந்தது. அவர் அப்போது கிள்ளான் வீட்டு ஹாலில், அவள் நின்றிருந்த அடுப்புக்கு நாலு எட்டுத் தள்ளி, ரிமோட்டை நெஞ்சில் வைத்துக்கொண்டு சாய்ந்திருந்தார். சம்பந்தியம்மா நல்லம்மாள் போன் போட்டு, ஆஸ்பத்திரியில் கிடப்பவரை விசாரிக்கிற குரலில், "லோகேஸ், அண்ணன் லெஃப்ட் ஆயிட்டாராமே" என்றாள்.

எங்கே லெஃப்ட் என்று லோகேஸ்வரிக்கு விளங்கவில்லை. நெத்திலி சம்பலைக் கிளறிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். மனிதர் வைத்த இடத்தில் இருந்தார். டிவியில் மலாய்ச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அதை அவர் பார்க்கவில்லை. வாய் மட்டும் எதையோ மென்றுகொண்டிருந்தது. கோபம் வந்தால் அப்படித்தான், ஒன்றுமில்லாததை மெல்லுவார்.

விஷயம் பறவை விஷயம்.

கார்த்திகேசு போர்ட் கிள்ளானில் கிரேன் ஓட்டியவர். வாழ்நாளில் பாதியை ஆகாயத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கண்டெய்னர் தூக்கி, கண்டெய்னர் இறக்கிக் கழித்தவர். வேலை ஓய்ந்து வீட்டுக்கு வந்ததும் தூக்கி இறக்க ஒன்றுமில்லாமல் லோகேஸ்வரியின் சமையலறையில் கை வைத்தார். மிளகாய்த்தூள் இருந்த இடத்தில் சீனி வந்தது, சீனி இருந்த இடத்தில் உளுந்து. அவள் அழாத குறையாக மகள் புனிதாவிடம் சொன்னாள். புனிதா தன் மாமனார் திருச்செல்வத்திடம் சொன்னாள். திருச்செல்வம் ரவாங்கில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். கடையை மூத்தவனிடம் கொடுத்துவிட்டு, முழங்கை நீளத்துக்கு லென்ஸ் வைத்த காமிரா ஒன்றை வாங்கிக் கடற்கரை கடற்கரையாய்த் திரிந்துகொண்டிருந்தார். "சம்பந்தியை என்கிட்ட அனுப்பிடும்மா" என்றார்.

அப்படித்தான் தொடங்கியது. ஜெராம் பக்கத்துச் சேற்றுக் கரையில் தண்ணீர் வற்றியிருக்கும்போது போனால் பறவைகள் அரை மைல் தள்ளிச் சேற்றில் கடுகு சிதறின மாதிரித் தெரியும். தண்ணீர் ஏற ஏற, கடல் அவற்றைக் கரைப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு வரும். பெருக்கு உச்சிக்கு வரும்போது நிற்க இடமில்லாமல், மிச்சமிருக்கிற ஒரு கீற்று மணல் திட்டில் எல்லாம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும். சைபீரியாவிலிருந்து பறந்து வந்த உள்ளான்கள். மலாய்க்காரர்கள் கெடிடி என்பார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்காக இரண்டு பேரும் காலண்டரைக் கைவிட்டார்கள். தண்ணீர் எப்போது ஏறும் என்பதே நாளும் நட்சத்திரமும் ஆனது. சொந்தக்காரர் கல்யாணத்தில் தாலி கட்டி முடிந்த பிறகு, செருப்பில் சேற்றோடு வந்து பந்தியில் உட்கார்ந்தார்கள். லோகேஸ்வரியும் நல்லம்மாளும் ஒன்றும் சொல்லவில்லை. சீனி சீனி இடத்தில் இருந்தது.

பிறகு அந்தப் படம் வந்தது.

கார்த்திகேசு ஒரு சாயங்காலம் உள்ளான் ஒன்றை எடுத்த படம். அது நோர்ட்மன் என்று அவர் பறவைக்காரர்களின் வாட்சாப் குழுவில் போட்டார். நோர்ட்மன் என்றால் உலகத்திலேயே கொஞ்சம்தான் மிச்சமாம்; கிடைப்பவனுக்கு லாட்டரி. அதன் தாயாதி மாதிரி இன்னொன்று உண்டு, பச்சைக்காலி, அது எந்தக் கரையிலும் நிற்கும். இரண்டும் ஒரே சாம்பல், ஒரே வெள்ளை. நோர்ட்மனுக்குக் கால் குட்டையாய் மஞ்சளாய் இருக்க வேண்டும். மற்றதற்கு நெட்டையாய்ப் பச்சையாய் இருக்க வேண்டும். படத்திலோ அது பாதிக் கால் சேற்றில் நின்றது. கார்த்திகேசு மஞ்சள் என்றார். திருச்செல்வம் பச்சை என்றார். குழுவில் டாக்டர், லாயர், வாத்தியார் எல்லாரும் இருந்தார்கள்; பாதிப் பேர் மஞ்சள், பாதிப் பேர் பச்சை. மூன்று நாள் வாதம் நடந்தது. கடைசியில் திருச்செல்வம், அத்தனை பேர் பார்க்க, ஒரு வரி எழுதினார்:

"சம்பந்தி, முதல்ல கண்ண செக் பண்ணுங்க."

கண்ணில் நீர் வரச் சிரிக்கிற மஞ்சள் முகங்கள் கீழே வரிசையாக வந்து விழுந்தன. கார்த்திகேசு வெளியேறினார்.

அன்றிலிருந்து அவருக்குத் தொட்டதெல்லாம் குற்றம். வேட்டி வெளுக்கவில்லை, மஞ்சள் பூத்துக் கிடக்கிறது என்றார். லோகேஸ்வரி புது சோப்பு வாங்கி ஊறவைத்து அடித்தாள். இன்னும் மஞ்சள் என்றார். காரை கேட்டில் உரசிவிட்டு, கேட்டைத் தப்பான இடத்தில் வைத்திருக்கிறார்கள் என்றார். முப்பது வருஷமாய் அதே கேட். சம்பந்தி மேலுள்ள ஆத்திரத்தைக் கேட் மேல் காட்டுகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். ரவாங்கில் திருச்செல்வம் இன்னொரு மாதிரி. அவர் பேசுவதே இல்லையாம். லென்ஸைத் துடைக்கிறார், துடைத்ததையே திரும்பத் துடைக்கிறார் என்று நல்லம்மாள் சொன்னாள்.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. புனிதாவுக்கு ஏழாம் மாதம். ரவாங் வீட்டில் தரையெல்லாம் பெயர்த்துப் போட்டு வேலை நடந்ததால் வளைகாப்பைக் கிள்ளான் வீட்டிலேயே வைப்பதென்று முன்பே பேசியிருந்தார்கள். லோகேஸ்வரி லிட்டில் இந்தியாவுக்குப் போய் வளையல் பார்த்து வைத்தாயிற்று, புளிசாதம் எலுமிச்சைச் சாதம் யார் கிண்டுவது என்று பங்கும் பிரித்தாயிற்று. இந்த நேரத்தில்தான் கார்த்திகேசு, அந்த ஆள் வந்தால் தான் மாடியை விட்டு இறங்கப் போவதில்லை என்றார். திருச்செல்வம், அழைப்பு அவர் வாயால் வராமல் வாசற்படி மிதிக்க மாட்டேன் என்றார்.

சுங்கை பூலோவில் இருந்த புனிதாவும் அவள் புருஷன் சுகுமாறனும் முதலில் சிரித்தார்கள். பிறகு ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் சுகுமாறன், அந்தப் படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தேன், எனக்கும் பச்சையாய்த்தான் தெரிகிறது என்று சொல்லிவிட்டான். புனிதா கரண்டியை வைத்தாள். அதற்கப்புறம் அந்த வீட்டிலும் பேச்சு நின்றது.

மறுநாள் புனிதா அம்மாவுக்குப் போன் செய்தாள். அழவில்லை. அழுதிருந்தால் லோகேஸ்வரிக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"அம்மா, வளைகாப்பு வேணாம்லா. கேன்சல் பண்ணிடுங்க."

"என்ன பேச்சுடி இது. வளையல்லாம் எடுத்தாச்சு."

"புள்ள பொறந்தா யாருகிட்ட முதல்ல காட்டுறது? ரெண்டு தாத்தாவுக்கும் டைம்டேபிள் போடணுமா? ரெண்டு பேரும் ஒண்ணா வந்து என் முன்னால நிக்கட்டும். அதுவரைக்கும் நான் எங்கயும் வரல."

லோகேஸ்வரி போனை வைத்தாள். ஒற்றை மகள். எத்தனையோ வருஷம் கோயில் கோயிலாய் ஏறி இறங்கிப் பெற்ற பிள்ளை. அவள் வயிற்றில் ஒரு பிள்ளை வந்திருக்கிறது, அதற்கு வளையல் சத்தம் கேட்பதற்கு ஒரு கோழிக்குஞ்சு உயரப் பறவையின் கால் குறுக்கே நிற்கிறது. ரவாங்குக்குப் போன் போட்டாள். நல்லம்மாளும் அதே யோசனையில்தான் இருந்தாள். ஆள் ஒருத்தராய்ப் போய்க் கெஞ்சினால் நடக்காது, இரண்டையும் ஒரே கரையில் நிறுத்திவிட வேண்டியதுதான் என்று முடிவானது. பௌர்ணமி கழிந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரிய தண்ணீர் என்று நல்லம்மாள் சொன்னாள். அவளுக்கும் இப்போது அதெல்லாம் அத்துப்படி.

ஞாயிறு காலை லோகேஸ்வரி தானும் கடற்கரைக்கு வருவதாகச் சொன்னபோது கார்த்திகேசு சந்தேகமாய்ப் பார்த்தார். காற்று வாங்க வேண்டும் என்றாள். நாசி லெமாக் சோறும் கோழி வறுவலும் கட்டி எடுத்துக்கொண்டாள். வழியெல்லாம் அவர் ரோட்டுக் கோட்டின் மேலேயே ஓட்டினார். மோட்டார் சைக்கிள்காரன் ஒருவன் ஹாரன் அடித்துக்கொண்டு ஒதுங்கிப் போனான். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு மாரியம்மனை நினைத்தாள்.

போய்ச் சேர்ந்தபோது கடலைத் தடுக்கப் போட்டிருந்த மண்கரையின் மேல் திருச்செல்வம் ஏற்கெனவே காமிரா முக்காலியை நட்டிருந்தார். அயர்ன் போட்ட சட்டை, வெள்ளை ஷூ. கண்ணாடிக்கடைக்காரர், உடம்பில் ஒரு பொட்டு அழுக்கு ஒட்ட விடமாட்டார். பக்கத்தில் பாய் விரித்து நல்லம்மாள் இடியப்பப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள். கார்த்திகேசு மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் கடலைப் பார்த்தாள்.

அவர் திரும்பிப் போயிருப்பார். ஆனால் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. பெருக்கை விட்டுவிட்டுப் போக அவரால் முடியவில்லை. திருச்செல்வத்துக்கு நாற்பது அடி தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு, தன் முக்காலியை நட்டார்.

பெண்கள் இருவரும் பாயை நடுவில் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். அந்தப் பக்கம் இடியப்பமும் இறால் சம்பலும் போயின, இந்தப் பக்கம் கோழி வறுவல் வந்தது. கார்த்திகேசு சம்பலைத் தொட மாட்டேன் என்றார்; நல்லம்மாள் செய்தது என்று சொன்னதும் தொட்டார். திருச்செல்வம் கோழியை மென்றுகொண்டே, லோகேஸ் கைப்பக்குவத்துக்கு யாரும் குறை சொல்ல முடியாது, கைப்பக்குவம் வேறு கண்பக்குவம் வேறு என்று கடலைப் பார்த்துச் சொன்னார். நல்லம்மாள் அவர் தட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

அப்போதுதான் பறவைகள் வந்தன. எங்கிருந்தென்று தெரியவில்லை, சாம்பல் துணி ஒன்றை உதறின மாதிரி ஆகாயத்தில் ஒரு அலை எழுந்து, வெள்ளையாய்த் திரும்பி, மறுபடி சாம்பலாகி, மணல் திட்டின் மேல் மொத்தமாய் விழுந்தது. வெயில் பின்னாலிருந்து அவற்றின் மேல் விழுந்தது. எல்லாம் காற்றைப் பார்த்து, முக்கால்வாசி ஒற்றைக் காலில், கிள்ளான் ஸ்டேஷனில் கம்யூட்டர் ரயிலுக்கு நிற்கிற கூட்டம் மாதிரி முணுமுணுத்துக்கொண்டு நின்றன. லோகேஸ்வரி இத்தனை நாளில் நேராய்ப் பார்த்தது இதுதான். அழகாய்த்தான் இருந்தது. ஆனால் இதில் ஒன்றை மற்றதிலிருந்து எப்படிப் பிரிப்பது என்று அவளுக்குத் தோன்றவில்லை. நல்லம்மாளும் அதையேதான் சொன்னாள்.

கார்த்திகேசுவுக்குக் கோணம் சரிப்படவில்லை போலிருக்கிறது. முக்காலியோடு காமிராவைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். மண்கரை முடிகிற இடத்துக்கும் சேறு தொடங்குகிற இடத்துக்கும் நல்ல வித்தியாசம் தெரிந்தது. லோகேஸ்வரிக்குப் பாயிலிருந்தே தெரிந்தது. அவர் கரை இருக்கிறது என்று நினைத்துக் கரை இல்லாத இடத்தில் காலை வைத்தார். ஒரு சத்தமும் இல்லாமல் இடுப்பு வரைக்கும் உள்ளே போனார். காமிராவை மட்டும் விடவில்லை. தலைக்கு மேல் காவடி மாதிரிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பறவைகள் எழும்பின. திருச்செல்வம் திரும்பிப் பார்த்தார். அடுத்த நிமிஷம் வெள்ளை ஷூவோடு சேற்றில் இறங்கினார். லோகேஸ்வரி பிற்பாடு பல பேரிடம் சொன்னது இதைத்தான்: மனிதர் யோசிக்கவே இல்லை.

முழங்காலுக்கு மேல் புதைந்து, பக்கத்தில் போய்ச் சேர்ந்து, இரண்டு மாதத்துக்குப் பிறகு சம்பந்தியிடம் முதல் வார்த்தை பேசினார்.

"காமிராவக் குடுங்க."

"முதல்ல என்னத் தூக்குங்க."

"அதைக் குடுத்தாத்தான் தூக்க முடியும் சம்பந்தி. கையி ரெண்டுதான இருக்கு."

கார்த்திகேசு கொடுத்தார். அதே நேரம் எழும்பின கூட்டம் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வந்தது. திட்டு முக்கால்வாசி மூழ்கிவிட்டதால் கொஞ்சம் பறவைகள் கரையோரமாகவே, அவர்களுக்கு எதிரே இறங்கின. திருச்செல்வம் அசையாமல் நின்றார். பிறகு மெதுவாய்க் காமிராவை முக்காலியிலிருந்து கழற்றி, முக்காலியைச் சேற்றில் விட்டுவிட்டு, லென்ஸைக் கார்த்திகேசுவின் தோள்மேல் வைத்தார்.

"மூச்சு விடாதீங்க" என்றார்.

"என்ன பண்றீங்க."

"பேசாதீங்க, ஆடுது."

இடுப்பளவு சேற்றில் கார்த்திகேசு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதிரே ஒரு பறவை தலையைச் சொறிந்துகொள்ள ஒரு காலைத் தூக்கியது. காமிரா தையல் மெஷின் மாதிரி ஓடி நின்றது.

இரண்டு பேரையும் வெளியே இழுக்கப் பெண்களுக்குப் பாயைத்தான் போட வேண்டியிருந்தது. இடியப்பத்தைத் தூக்கி ஓரமாய் வைத்துவிட்டுப் பாயின் ஒரு முனையை எறிந்து, மறுமுனையை இருவருமாய்ப் பிடித்து இழுத்தார்கள். திருச்செல்வத்தின் ஒரு ஷூ உள்ளேயே தங்கிவிட்டது. கரையில் வந்து உட்கார்ந்ததும் அவர் காலைத் துடைக்கவில்லை, கையைக் கூடத் துடைக்கவில்லை. காமிராவின் திரையைப் பெரிசாக்கி வெகுநேரம் பார்த்தார். முகம் கொஞ்சம் கொஞ்சமாய் இறங்கியது.

பிறகு காமிராவை நீட்டினார்.

"பாருங்க. குட்டைக் காலு. மஞ்சளு. நோர்ட்மன்தான். இங்க வருதுன்னு நீங்க சொன்னது சரி சம்பந்தி. நானே குரூப்ல எழுதிடறேன்."

லோகேஸ்வரி மூச்சை இழுத்துக்கொண்டாள். இனி இந்த மனுஷனை வீட்டில் வைத்துப் பிழைக்க முடியாது, கிள்ளான் பூராவும் தம்பட்டம் அடிப்பார் என்று நினைத்தாள். கார்த்திகேசு காமிராவை வாங்கினார். பார்த்தார். இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பிறகு வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். மறுபடி மாற்றிப் பார்த்தார். வாய் மெல்லத் தொடங்கியது.

"எனக்குத் தெரியல" என்றார்.

"என்ன தெரியல."

"இந்தக் கண்ணுல பாத்தா மஞ்சளு. இந்தக் கண்ணுல பாத்தா அவ்வளவு மஞ்சளில்ல. அன்னிக்கும் அப்படித்தான். வலது கண்ணு சொன்னத நான் புடிச்சிக்கிட்டேன்."

திருச்செல்வம் எழுந்து ஒற்றை ஷூவோடு வந்து அவர் முன்னால் குந்தினார். சேற்றுக் கையால் கைப்பேசி விளக்கைப் போட்டு, கார்த்திகேசுவின் மோவாயைப் பிடித்து வெயிலுக்கு எதிராய்த் திருப்பி, வலது கண்ணுக்குள் பார்த்தார்.

"கண்ணுல பொறை. நல்லா முத்தியிருக்கு. தீபாவளி அன்னிக்கு எங்க வீட்ல நீங்க தண்ணி கிளாஸ எடுக்கக் கைய வச்சி மேசையத் தொட்டீங்களே, அப்பவே நெனச்சேன். தனியா ரெண்டு வாட்டி சொன்னேன், காதுல வாங்கல. அதான் குரூப்ல போட்டேன். நாலு பேரு முன்னால சொன்னாலாவது போவீங்கன்னு."

"நாலு பேரா" என்றார் கார்த்திகேசு.

"சரி, நூறு பேரு. தப்புத்தான்."

லோகேஸ்வரிக்கு வேட்டி ஞாபகம் வந்தது, கேட் ஞாபகம் வந்தது, காலையில் ரோட்டுக் கோட்டின் மேலேயே வந்தது ஞாபகம் வந்தது. மாதம் தவறாமல் புனிதாவைக் கிளினிக்குக்கு இவர்தான் ஏற்றிக்கொண்டு போனார். ஓங்கி ஒன்று வைக்கலாம் போல வந்தது. சேற்றோடு சின்னப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் அது எங்கேயோ போய்விட்டது. ஏன் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டாள்.

அவர் கடலைப் பார்த்துச் சொன்னார். போர்ட்டில் வருஷா வருஷம் கண் பரிசோதனை வைப்பார்கள். கிரேன்காரனுக்குக் கண் போனால் அன்றே கீழே இறக்கிவிடுவார்கள். கூட வேலை செய்த ஜெயராஜ் அப்படி இறங்கி, ஒரு மூலையில் நாற்காலி போட்டுக் கேட் பாஸ் எழுதிக்கொண்டு கிடந்தான். அந்தப் பரிசோதனைக்கு முந்தின ராத்திரியெல்லாம் இவருக்குத் தூக்கம் வராது. வேலை முடிந்த பிறகும் அந்தப் பயம் மட்டும் ஓய்வு பெறவில்லை.

"இப்ப யாரும் உங்கள எங்கேருந்தும் இறக்கப் போறதில்ல" என்றாள் லோகேஸ்வரி. "ஆனா கார்ச் சாவி எங்கிட்ட குடுங்க."

கொடுத்தார். சாவியெல்லாம் சேறு.

அங்கிருந்தே, கழுவாமல் கொள்ளாமல், நால்வரும் சுங்கை பூலோவுக்குப் போனார்கள். சுகுமாறன்தான் கதவைத் திறந்தான். புனிதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து, வாசலில் இடுப்புக்குக் கீழே ஒரே நிறமாய் நின்ற இரண்டு தாத்தாக்களையும் மேலும் கீழும் பார்த்தாள். உள்ளே போய்த் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு வந்து சுகுமாறன் கையில் கொடுத்தாள். அவன் மாமனார் மேலும் அப்பா மேலும் பாரபட்சமில்லாமல் பீய்ச்சினான். அப்போதுதான் அவள் சிரித்தாள். சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கவே நல்லம்மாள் பயந்துபோய் நாற்காலி போட்டாள்.

திருச்செல்வத்துக்குத் தெரிந்த கண் டாக்டர் ஒருவர், வளைகாப்புக்கு முந்தின வாரத்திலேயே தேதி கொடுத்தார். ஆபரேஷன் சுருக்காய் முடிந்தது. கண் மூடியைப் பிரித்த அன்று கார்த்திகேசு முதலில் கேட்டது அந்தப் பழைய படத்தைத்தான். திருச்செல்வம் பெரிய திரையில் போட்டுக் காட்டினார். கார்த்திகேசு கிட்டப் போய்ப் பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார்.

"சம்பந்தி," என்றார், "இது மஞ்சளும் இல்ல, பச்சையும் இல்ல. சேறு."

திருச்செல்வம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். சேறுதான். குழுவில் யார் எழுதுவது என்று இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் எழுதவில்லை.

எல்லாம் சுபமாய் முடிந்தது என்று லோகேஸ்வரி நினைத்தது இரண்டு நாள்தான். மூன்றாம் நாள் காலையில் கார்த்திகேசு புதுக் கண்ணோடு ஹாலுக்கு வந்து சுற்றிப் பார்த்தார். காற்றாடி இறக்கையில் தூசி என்றார். சாமி படத்துக்குப் பின்னால் ஒட்டடை என்றார். அடுப்புக்கு மேலே சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு, இத்தனை நாள் இப்படியா இருந்தது என்றார். அவள் முகத்துக்கு நேரே வந்து நின்று உற்றுப் பார்த்து, நீ நெற்றிப் பக்கம் நன்றாய் நரைத்துவிட்டாய், எனக்குத் தெரியவே தெரியாது என்று ஆச்சரியமாய்ச் சொன்னார். சொன்ன பிறகும் நகராமல் பார்த்துக்கொண்டே நின்றார். அவளுக்கு என்னவோ போலிருந்தது. போய் வேலையைப் பாருங்கள் என்றாள். அவர் பார்த்தார். ஏணியைக் கொண்டுவந்து போட்டு, சமையலறை அலமாரியிலிருந்த போத்தல்களையெல்லாம் ஒவ்வொன்றாய்க் கீழே இறக்கத் தொடங்கினார்.

நாளை மறுநாள் வளைகாப்பு. புளி ஊறிக்கொண்டிருந்தது. லோகேஸ்வரி சீனி போத்தல் போகிற திசையை ஒரு தரம் பார்த்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, பின்கட்டுக்குப் போய், குரலைத் தாழ்த்தி ரவாங்குக்குப் போன் போட்டாள்.

"அண்ணே," என்றாள், "நாளைக்குத் தண்ணி எப்ப ஏறுது?"